அந்திமல்லி இல்லத்துக்கு நடந்து வந்த வீடு

ரங்கநாயகி அம்மாளின் வீடு எழுந்து நடந்து போனது ஆவணி மாதத்தில், ஒரு வெள்ளிக்கிழமை காலையில், பால் பாக்கெட் போடுகிற ஆள் வந்து போனதற்கும் குப்பை வண்டி வருவதற்கும் நடுவில். வரதராஜபுரத்துக்காரர்கள் இன்றைக்கும் இதைச் சொல்லும்போது, வீடு எப்படி நடக்கும் என்று யாராவது கேட்டால் கொஞ்சம் எரிச்சல்படுவார்கள். வீடு நடந்ததில் அவர்களுக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. நன்றாக இருந்த ஒரு வீட்டை மாதக்கணக்கில் கூட்டிப் பெருக்காமல் பூட்டிப் போட்டுவிட்டு, அப்புறம் அதே வீட்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்து, அதே வீட்டு ஃபேனுக்குக் கீழே காற்று வாங்கிக்கொண்டே அதை விற்பதைப் பற்றிப் பேசினால், எந்த வீடுதான் கேட்டுக்கொண்டு சும்மா நிற்கும் என்பதுதான் அவர்கள் கேள்வி.

ரங்கநாயகி அம்மாள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் ஆபரேட்டராக இருந்தவர். கோயமுத்தூரையும் பம்பாயையும், மாமியார்களையும் மருமகள்களையும், நூல் வியாபாரிகளையும் அவர்களுக்குப் பாக்கி வைத்தவர்களையும், உட்கார்ந்த இடத்திலிருந்தே இணைத்துவிட்டவர். அந்தச் சம்பளத்தைக் காட்டி ஆபீஸில் கடன் வாங்கி, வெயிலில் குடை பிடித்து நின்று, கொத்தனாரோடு சண்டை போட்டு, தூக்குக்குண்டு வைத்துச் சுவரைத் தானே சரிபார்த்துக் கட்டிய வீடு அது. வீட்டுக்காரர் காலமாகிப் பல வருஷம். மகள் வசுமதி சிங்காநல்லூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மகன் முரளி ஷார்ஜாவில் ஏசி கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர்.

அம்மாவுக்கு மறதி வந்தபோது முதலில் காய்கறிகளின் பெயர்கள் போயின. கத்தரிக்காயை அவர் ‘அந்த ஊதாச் சட்டைக்காரன்’ என்றார், எல்லோரும் சிரித்தார்கள். பிறகு கேஸ் அடுப்பை மூடுவது போயிற்று, அதற்கு யாரும் சிரிக்கவில்லை. வசுமதி அவரைத் தன் வாடகை வீட்டு மாடிக்கு அழைத்து வந்து வைத்துக்கொண்டாள். ஒரு நாள் மத்தியானம் அவர் அங்கிருந்து இறங்கிப் போய்ப் பொள்ளாச்சி பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டு, டிக்கெட் கேட்ட கண்டக்டரிடம், “லைன் பிஸியா இருக்குதுங்க, அப்புறமா முயற்சி பண்ணுங்க” என்று சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகுதான் வடவள்ளிக்கு அந்தப் பக்கம், மருதமலை தெரிகிற இடத்தில், இந்த நோய்க்காரர்களையே பார்த்துக்கொள்கிற அந்திமல்லி இல்லத்தில் அவரைச் சேர்த்தார்கள்.

சேர்த்த இடம் நல்ல இடம்தான். ஆனால் மாதம் பிறந்தால் பில்லும் கூடவே பிறந்தது. தங்குவதற்கு ஒன்று, சாப்பாட்டுக்கு ஒன்று, கூடவே இருந்து குளிப்பாட்டி உடுத்திவிடுகிற பெண்ணுக்கு ஒன்று, டயப்பருக்கு ஒன்று, மாத்திரைக்கு ஒன்று, மாத்திரையால் வரும் மலச்சிக்கலுக்கு இன்னொன்று. முதலில் பென்ஷனை அனுப்பினார்கள், அது பாதி வழியிலேயே மூச்சு வாங்கி நின்றுவிட்டது. அதற்குத் துணையாக பிக்சட் டெபாசிட்டை அனுப்பினார்கள், அது போனது திரும்பவில்லை. அப்புறம் வசுமதியின் வளையல்கள் போயின, முரளியின் ஓவர்டைம் போயிற்று, வசுமதி சாயங்காலம் ட்யூஷன் எடுத்துச் சம்பாதித்ததும் போயிற்று. இன்சூரன்ஸ்காரர் அவளை மிக மரியாதையாக உட்காரவைத்து, டீ வரவழைத்துக் கொடுத்து, ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனால்தான் பணம் வரும், நடமாடிக்கொண்டே மறந்தால் ஒன்றும் வராது என்று விளக்கினார். வீட்டை விற்கலாம் என்றால் வீடு அம்மா பேரில் இருந்தது. பத்திர ஆபீஸில் பேர் கேட்டால் அம்மா, “கோயமுத்தூர் டிரங்க், எந்த ஊர் வேணுங்க?” என்று கேட்பவராக இருந்தார். எனவே வசுமதி சென்னைக்கு நடையாக நடந்து, தன்னைக் காப்பாளராக நியமிக்கவும் வீட்டை விற்று வைத்தியம் பார்க்கவும் கோர்ட்டில் உத்தரவு வாங்கினாள்.

உத்தரவு வந்த அன்று வாங்குகிறவருக்குக் காட்டுவதற்காக வீட்டைத் திறந்துவிட்டு, கூடத்தில் உட்கார்ந்து, ஷார்ஜாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

“குடுத்துரலாங்க்கா. ரெண்டு மாசம் பாக்கி நிக்குது, வேற என்ன பண்றது?” என்றான் முரளி.

“அம்மா தினமும் பொழுது சாஞ்சா வீட்டுக்குப் போலாம், வீட்டுக்குப் போலாங்கறாங்களே முரளி. வித்துப்போட்டு நான் என்னன்னு பதில் சொல்லுவேன்?”

“அவங்களுக்கு என்ன தெரியப் போவுது? பழைய வீடு. வாங்கறவங்க எப்படியும் இடிச்சுப்போட்டு அபார்ட்மெண்ட்தான் கட்டுவாங்க.”

பூஜை அறைக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. ஆடிக்காற்று இன்னும் ஓயவில்லை என்று வசுமதி நினைத்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை வகுப்பில் அவள் அல்ஜீப்ரா நடத்திக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டுக்காரரிடமிருந்து போன் வந்தது.

“டீச்சர், உங்க வீடு சுங்கம் ஸ்டாப்பைத் தாண்டிருச்சுங்க.”

“எந்த வீடுங்க?”

“உங்க அம்மா வீடுங்க. கிளம்பும்போதே கூப்பிட்டிருப்பேன், பல்லு வெளக்கிட்டிருந்தேன்.”

கிளம்பியதைப் பார்த்தவர்கள் சொன்னது இது. மழைத்தண்ணீர் தேங்கிய தெருவைத் தாண்டுகிற பெண்பிள்ளை சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடிப்பதைப் போல, வீடு தன் சிமெண்ட் தரையை லேசாகத் தூக்கிப் பிடித்து எழுந்தது. கரண்ட் ஒயரை யார்மீதும் படாமல் பக்கத்துக் கம்பத்தில் மாட்டியது. காம்பவுண்டுச் சுவரையும் கேட்டையும் செப்டிக் டேங்கையும் அப்படியே விட்டுவிட்டு, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி தளும்பாதபடி மெல்ல அடிவைத்துத் தெருமுனை திரும்பியது. திருச்சி ரோட்டில் மேம்பாலம் ஏறாமல் கீழேயே இடது ஓரமாகப் போயிற்று. பின்னால் வந்த டவுன் பஸ் டிரைவர் ஹாரனை அழுத்திப் பிடித்தபோது உள்ளே இருந்தவர்களே அவரை அடக்கினார்கள், வயசான வீடு, மெதுவாகத்தான் போகும், கொஞ்சம் பொறுத்துப் போங்களேன் என்று. லாலி ரோடு சிக்னலில் சிவப்பு விழுந்ததும் வீடு நின்றது, பச்சை விழுந்ததும் நடந்தது. அங்கே டியூட்டியில் இருந்த போலீஸ்காரரிடம் பிறகு மேலதிகாரிகள் விசாரித்தபோது, ஹெல்மெட் போடாத ஆட்களைப் பிடிக்கவே தனக்கு நேரம் போதவில்லை என்றும், ஒழுங்காக நின்று போகிற வீட்டைப் பிடிக்கச் சட்டத்தில் இடமில்லை என்றும் அவர் சொன்னார்.

வசுமதி அரைநாள் லீவு சொல்லிவிட்டு ஸ்கூட்டியில் விரட்டிப்போய், வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் வீட்டைப் பிடித்துவிட்டாள். பிடித்து என்ன செய்வது என்று தெரியவில்லை. முன்னால் போய் மறிக்கவும் மனம் வரவில்லை. எனவே இண்டிகேட்டரைப் போட்டுக்கொண்டு, பின்னால் வருகிற வண்டிகளுக்குக் கை காட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளையைக் கூட்டி வருகிற அம்மாவைப் போல வடவள்ளி வரைக்கும் கூடவே போனாள்.

அந்திமல்லி இல்லத்துக்குப் பக்கத்தில், யோகா மண்டபம் கட்டுவதற்காக அதன் முதலாளி ஆரோக்கியசாமி சுத்தம் பண்ணி வைத்திருந்த காலி மனையில் வீடு ஒரு சுற்றுச் சுற்றி, கிழக்கே பார்த்து, பெருமூச்சு விட்டு உட்கார்ந்தது. ஆரோக்கியசாமி முன்னே ஊட்டியில் ஹோட்டல் மேனேஜராக இருந்தவர். எதிர்பாராமல் வருகிறவர்களைக் கண்டு பதறுவது அவர் வழக்கமில்லை. வெளியே வந்து வீட்டை மேலும் கீழும் பார்த்தார்.

“பார்வையாளர் நேரம் நாலுல இருந்து ஆறுங்க, மேடம்.”

“சார், அது என் அம்மாவைப் பார்க்க வந்திருக்குதுங்க.”

“தெரியுதுங்க. ஆறு மணிக்குக் கிளம்பிருமுங்களா?”

வசுமதி வீட்டைப் பார்த்தாள். தண்ணீர்த் தொட்டியில் ஒரு காக்கா உட்கார்ந்துகொண்டிருந்தது.

“கிளம்பற மாதிரி தெரியலீங்க சார்.”

“அப்ப அது தங்கற பார்வையாளர்ங்க. அதுக்கு சார்ஜ் தனி” என்றார் ஆரோக்கியசாமி, வருத்தத்தோடு.

செய்தி பரவியதும் வரவேண்டியவர்கள் எல்லோரும் வந்தார்கள். மின்வாரியத்துக்காரர் வந்து, மீட்டர் வீட்டோடு வந்துவிட்டதால் பழைய இடத்துக் கணக்கை எப்படி மூடுவது என்று கேட்டார். வாஸ்து பார்ப்பவர் வந்து, இந்த வீடு முன்னே தெற்கே பார்த்திருந்தது, நான் அப்போதே சொன்னேன், இப்போது தானாகத் திருத்திக்கொண்டது என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனார். மாநகராட்சிக்காரர் வந்து, காலி மனைக்கு வரி குறைவு, ஆனால் காலி மனையாக மாற்றியதற்கு அனுமதி வாங்கவில்லை என்று சொன்னார். பத்திர ஆபீஸில் சார்பதிவாளர் கோர்ட் உத்தரவைக் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“இதுல ‘மனையும் அதன் மேலுள்ள வீடும்’னு போட்டிருக்காங்க. மனை எங்க எல்லையில இருக்குது. வீடு வடவள்ளி எல்லைக்குப் போயிருச்சு. ரெண்டையும் சேத்து எப்படிங்க பதியறது? உத்தரவுல திருத்தம் வாங்கிட்டு வாங்க.”

“அதுக்கு எத்தனை நாள் ஆகுங்க?”

“அதுக்குள்ள வீடு வேற எங்கயும் போகாம பாத்துக்கங்க” என்றார் சார்பதிவாளர்.

வாங்க இருந்தவர் அட்வான்ஸைத் திருப்பி வாங்கிக்கொண்டார். பாக்கி மூன்றாவது மாதத்தில் கால் வைத்தது. ஆரோக்கியசாமி கெட்டவர் இல்லை, அவருக்கும் பேங்க் கடன் இருந்தது. மாதக் கடைசி வரைக்கும்தான் பார்க்க முடியும், அதற்கு மேல் அம்மாவை அழைத்துப் போய்விடுங்கள் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். எங்கே அழைத்துப் போவது? வசுமதியின் வீட்டில் மாடிப்படியும் கேஸ் அடுப்பும் பொள்ளாச்சி பஸ்ஸும் அப்படியேதான் இருந்தன.

ஆனாலும் வசுமதிக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. வீடு இத்தனை தூரம் வந்துவிட்டது. அம்மா கேட்டது இதைத்தானே. அம்மாவை இந்த வீட்டுக்குள் கொண்டுவந்து விட்டால் பழையபடி தெளிந்துவிடுவார், தானும் அங்கேயே வந்து இருந்துகொண்டால் இல்லமும் வேண்டாம், பில்லும் வேண்டாம். அன்று சாயங்காலம் அம்மாவுக்கு நல்ல சேலையாக உடுத்திவிட்டு, கையைப் பிடித்துப் பக்கத்து மனைக்கு நடத்திப் போனாள். அவர்கள் வருவதைப் பார்த்து வீடு எல்லா ஜன்னல்களையும் திறந்து வைத்தது. கதவைத் தொடுவதற்கு முன்பே கதவு திறந்தது. ஃபேன் தானாகச் சுற்றியது.

ரங்கநாயகி அம்மாள் கூடத்தில் நின்று நான்கு பக்கமும் பார்த்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். ஜன்னலுக்குப் பக்கத்து நாற்காலியில், நுனியில் உட்கார்ந்தார்.

“நல்ல வீடு. காத்தோட்டமா இருக்குது. யாரோடதுங்க?”

“உங்களுதுதாம்மா. நீங்க கட்டுனது.”

“சும்மா சொல்லாதீங்க” என்று அவர் சிரித்தார். கொஞ்ச நேரம் மரியாதைக்கு உட்கார்ந்திருந்துவிட்டு, சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். “சரிங்க, நேரமாச்சு. இப்ப கெளம்புனாத்தான் வீட்டுக்குப் போக முடியும்.”

வசுமதி அவரைத் திரும்ப அறைக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தபோது, மழை ஒரு சொட்டும் இல்லாத வானத்துக்குக் கீழே வீட்டுக் கூரை உள்பக்கமாக ஒழுகிக்கொண்டிருந்தது. சமையலறையிலும் கூடத்திலும் பூஜை அறையிலும் ஒழுகியது. அவள் வாளியை எடுத்து வைத்தாள், பாத்திரங்களை எடுத்து வைத்தாள், போதாமல் போனபோது தரையில் சுவரோரமாக உட்கார்ந்து, சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தைத் தடவிக்கொடுத்தாள்.

“போன வாரம் என்னையப் பார்த்து, எந்த எக்ஸ்சேஞ்சுல வேல பாக்கறீங்கன்னு கேட்டாங்க” என்று வீட்டிடம் சொன்னாள். “நான் பீளமேடுன்னு சொன்னேன். அங்க சூப்பர்வைசர் ரொம்ப கெடுபிடியாச்சேன்னு எம் மேல பரிதாபப்பட்டாங்க. ஒரு சாக்லேட்டுக் குடுத்தாங்க. முதல் தடவை எனக்கும் இப்படித்தான் ஒழுகுச்சு. பழகிரும்.”

ஒழுகுவது கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. நடந்ததிலேயே அவளுக்கு விசித்திரமாகப் பட்டது இது ஒன்றுதான், தான் வீட்டோடு பேசியதுகூட அல்ல, அது தன்னை எத்தனை சீக்கிரம் புரிந்துகொண்டது என்பது.

இல்லத்தில் பச்சியப்பன் என்று ஒருவர் இருந்தார். அரசு பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ரிட்டையர் ஆனவர், நல்ல உயரம், கணீர்க் குரல். பொழுது சாய்ந்தால் அவருக்கு உடம்பில் எங்கிருந்தோ பலம் வந்துவிடும். கேட்டுக்குப் போய் அதைப் பிடித்து உலுக்கி, வீட்டில் தேடுவார்கள், திறந்துவிடு என்று வாட்ச்மேனிடம் சண்டை போடுவார், வாட்ச்மேனின் டிக்கெட்டைக் கேட்பார், காட்டாவிட்டால் அபராதம் போடுவார். மாத்திரை கொடுத்து அவரை அடக்கினால் மறுநாள் பகலெல்லாம் தலை தொங்கிக் கிடப்பார். ஒரு சாயங்காலம் வாட்ச்மேன் தண்ணீர் லாரிக்குக் கேட்டைத் திறந்த நேரத்தில் பச்சியப்பன் வெளியே போய்விட்டார். எல்லோரும் ரோட்டில் தேடினார்கள், பஸ் ஸ்டாப்பில் தேடினார்கள். ஆரோக்கியசாமிக்குத்தான் விளக்கு எரிகிற பக்கத்து வீட்டைப் பார்க்கத் தோன்றியது.

பச்சியப்பன் உள்ளே சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பனியனோடு கூடத்தில் சாவகாசமாக உட்கார்ந்திருந்தார். ஸ்விட்ச் எங்கே, மடக்கு நாற்காலி எங்கே, சொம்பு எங்கே என்று அவர் யாரையும் கேட்கவில்லை.

“ஏப்பா, செருப்ப வெளியில விட்டுட்டு வரக் கூடாதா? வீடு கூட்டி இப்பத்தான் ஆச்சு” என்றார் ஆரோக்கியசாமியைப் பார்த்து.

அடுத்த நாள், ஆஸ்பத்திரியில் மேட்ரனாக இருந்து ரிட்டையர் ஆகி இப்போது இல்லத்தில் இருந்த ஸ்டெல்லா மேட்ரன் போனார். அவர் தூத்துக்குடிப் பக்கம் கடலோரத்தில் வளர்ந்தவர், அவருடைய வீடு ஓட்டு வீடு, இது மாதிரி இருக்கவே இருக்காது என்று அவர் மகனே சொன்னார். ஆனால் ஸ்டெல்லா மேட்ரன் நேரே சமையலறைக்குப் போய், மேல் அலமாரியில் டீத்தூள் டப்பாவைத் தேடாமல் கை நீட்டி எடுத்து, அப்பா கடலுக்குப் போய்விட்டாரா என்று ஒரு முறை கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் நிம்மதியாக உட்கார்ந்து டீயைக் குடித்தார். அப்புறம் ஒவ்வொருவராகப் போனார்கள். குன்னூர்க்காரர் போனார், அது அவருடைய குன்னூர் வீடாக இருந்தது. பாலக்காட்டுக்காரர் போனார், அவருக்கு அது பாலக்காடாக இருந்தது. வீடு தன் சுவரை ஒரு அங்குலம்கூட மாற்றிக்கொள்ளவில்லை. வந்தவரை வா என்றது, அவ்வளவுதான். சாயங்காலமானால் இல்லத்தில் ஒரு கூச்சல் இல்லை, கேட்டை யாரும் உலுக்கவில்லை, மாத்திரைகள் டப்பாவிலேயே கிடந்தன. ரங்கநாயகி அம்மாள் மட்டும் தன் அறையில் கட்டில் விளிம்பில் பையோடு உட்கார்ந்து, வீட்டுக்குப் போலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பச்சியப்பனின் மகள்தான் முதலில் ஆரோக்கியசாமியைத் தேடி வந்தது. எங்கப்பா ஒரு வாரமாக எங்களை யாரையும் அடிக்கவில்லை, போன் பண்ணினால் சாப்பிட்டாயா என்று கேட்கிறார், அந்த வீட்டை எடுத்துவிடாதீர்கள், அதற்கு மாதாமாதம் என்ன கொடுக்க வேண்டுமோ கொடுத்துவிடுகிறோம் என்றாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். ஆரோக்கியசாமி பழைய ஹோட்டல்காரர், உடனே அதற்கு ஒரு பேர் வைத்தார். பிசியோதெரபிக்குக் கீழே ‘மாலை நேர வீடு’ என்று பில்லில் ஒரு வரி சேர்ந்தது.

வசுமதி அதைப் பார்த்துவிட்டு அவருடைய மேஜைக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள்.

“சார், அது எங்க வீடு.”

“எங்க மனையில நிக்குதுங்களே.”

“நின்னா என்னங்க? உங்க நர்ஸம்மாவுந்தான் உங்க மனையில நிக்கறாங்க. அவங்களுக்கு சம்பளம் குடுக்கறீங்க. உங்க நர்ஸம்மாவும் மாத்திரையும் சேந்து பண்ண முடியாதத எங்க வீடு பண்ணுது. அதுக்கும் குடுங்க.”

ஆரோக்கியசாமி யோசித்தார். கால்குலேட்டரை எடுத்தார், வைத்தார். வாரத்தில் ஒரு நாள் லீவு வேண்டும், வெள்ளையடிக்கும் செலவு இல்லத்தினுடையது, பழைய பாக்கியைச் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்ளலாம் என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். கடைசியில், பாக்கியைப் பிடித்தது போக, வீட்டின் சம்பளமும் அம்மாவின் பில்லும் சரிக்குச் சரியாயிற்று. பென்ஷன் மிச்சமானது. மாதக் கடைசி வந்தது, போயிற்று, அம்மாவை யாரும் எங்கேயும் அழைத்துப் போகச் சொல்லவில்லை.

வசுமதி ஷார்ஜாவுக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

“வீட்டுக்குச் சம்பளமா?” என்றான் முரளி.

“ஆமா. நீ அனுப்புறதவிட ஜாஸ்தி.”

அடுத்த மாதம் அவன் லீவு போட்டுவிட்டு வந்தான். அவன் மனதில் வேறு திட்டம் இருந்தது. சம்பாதிக்கிற வீட்டுக்கு நல்ல விலை கிடைக்கும், ஆரோக்கியசாமிக்கே விற்றுவிட்டால் ஒரே தொகையாக வரும், அம்மாவுக்கு எத்தனை வருஷம் ஆனாலும் கவலையில்லை என்று விமானத்தில் வரும்போதே பேச்சை ஒத்திகை பார்த்து வைத்திருந்தான். அம்மா வீட்டு வாசலில் ஷூவைக் கழற்றும்போது நிலைப்படி அவன் தலையில் இடித்தது. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட இடித்ததில்லை. அவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே குனிந்து உள்ளே போனான்.

அன்று அக்காவும் தம்பியும் சேர்ந்து அம்மாவை மறுபடியும் அங்கே கூட்டிப் போனார்கள். சாயங்கால நேரம், எல்லோரும் அவரவர் வீட்டில் இருந்தார்கள். கதவைத் திறந்த பச்சியப்பன் அம்மாவைப் பார்த்ததும் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

“வாங்க, வாங்க. உக்காருங்க. ஏம்மா, விருந்தாளி வந்திருக்காங்க பாரு.”

“என் வீட்டுக்கு வந்தவங்களை நீங்க என்ன உக்காரச் சொல்றது?” என்று ஸ்டெல்லா மேட்ரன் சமையலறையிலிருந்து வந்தார். யார் வீட்டு விருந்தாளி என்பதில் கொஞ்சம் தகராறு ஆயிற்று. பாலக்காட்டுக்காரர் காபி நான்தான் போடுவேன் என்றார், குன்னூர்க்காரர் டீத்தான் என்றார். கடைசியில் இரண்டும் வந்தன, கூடவே முறுக்கும் வந்தது. ரங்கநாயகி அம்மாள் தான் கட்டிய வீட்டின் நடுவில், நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, பச்சியப்பன் விசிறிவிட, இரண்டையும் மாற்றி மாற்றிக் குடித்தார். எக்ஸ்சேஞ்சில் ஷிப்ட் முடித்து வந்து, சமைத்து, பரிமாறி, கழுவிக் கவிழ்த்து, மறுபடி ஷிப்டுக்குப் போன அத்தனை வருஷத்தில் அந்தக் கூடத்தில் அவருக்கு யாரும் ஒரு டம்ளர் கொண்டுவந்து கையில் கொடுத்ததாக வசுமதிக்கும் ஞாபகம் இல்லை, முரளிக்கும் ஞாபகம் இல்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் முறுக்கைக் கடித்தார்கள்.

திரும்பி வரும்போது அம்மா முரளியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

“நல்ல மனுசங்க. வெறுங்கையோட போனதுக்கு எவ்வளவு உபசாரம் பாத்தீங்களா. நாமளும் அவங்களை ஒரு நாளைக்கு நம்ம வீட்டுக்குக் கூப்பிடணும்.”

முரளி நின்றுவிட்டான். நம்ம வீடு எது என்று கேட்டுவிடுவானோ என்று வசுமதி பயந்தாள்.

“கூப்பிடலாமுங்க. என்ன சமைக்கலாம்?” என்றான் அவன்.

அம்மாவின் நடை வேகமாயிற்று. தக்காளிச் சாதமா, பிரியாணியா, வயசானவர்கள் இருக்கிறார்கள், காரம் ஆகாது, பாயசம் கட்டாயம் வேண்டும் என்று பேசிக்கொண்டே இல்லத்துக்குள் நுழைந்து, தன் அறைக் கதவைத் தானே திறந்து, உள்ளே பார்த்து, “அய்யோ, ஆளுக வர்ற வீடு மாதிரியா இருக்குது இது” என்று கட்டிலின் மேல்விரிப்பை உருவினார். பையிலிருந்த சேலைகளை வெளியே எடுத்து அலமாரியில் அடுக்கினார். விருந்து நடக்கிற வரைக்கும் அவர் எங்கேயும் போக வேண்டும் என்று கேட்கவில்லை, வேலை தலைக்கு மேல் கிடந்தது. ஆரோக்கியசாமியிடம் முரளி வேறு எதையும் பேசவில்லை, ஞாயிற்றுக்கிழமை சமையலறையைக் கொஞ்ச நேரம் கொடுப்பீர்களா என்றுதான் கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு லீவு. பச்சியப்பன் சலவைச் சட்டை போட்டு வந்தார், ஸ்டெல்லா மேட்ரன் தலையில் பூ வைத்து வந்தார். அந்தச் சின்ன அறையில் கட்டிலை ஓரத்தில் தள்ளி, தரையில் பாய் விரித்து, அத்தனை பேருக்கும் இலை போட்டார்கள். ரங்கநாயகி அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து கை காட்டிக் கை காட்டிப் பரிமாற வைத்தார். சாதத்தில் உப்பு கொஞ்சம் தூக்கல், அதை யாரும் சொல்லவில்லை. பாயசத்தைப் பச்சியப்பன் மூன்று தடவை வாங்கிக்கொண்டு மூன்று தடவையும் முதல் தடவையாகப் பாராட்டினார். ஜன்னலுக்கு வெளியே அந்த வீடு கொஞ்சம் கிட்டே நகர்ந்து வந்து நின்றிருந்ததை ஆரோக்கியசாமி கவனித்தார், யோகா மண்டபத்துக்கு இனி இடம் போதாது என்று நினைத்துக்கொண்டார், வேறொன்றும் நினைக்கவில்லை.

எல்லோரும் கை கழுவி எழுந்து போன பிறகு, முரளி பேண்ட்டை முழங்கால் வரைக்கும் சுருட்டிவிட்டுக்கொண்டு தாழ்வாரத்துக் குழாயடியில் குத்துக்காலிட்டுப் பாத்திரங்களைத் தேய்த்தான். நிலைப்படி இடித்த இடம் நெற்றியில் இன்னும் வீங்கியிருந்தது. ரங்கநாயகி அம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்து, கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

“தம்பி, நீங்க எந்த ஊருங்க?”

“ஷார்ஜாங்க.”

“அவ்வளவு தூரத்துல இருந்து வந்து பாத்திரமா கழுவறீங்க.” அவர் குனிந்து அடிபிடித்த பாயசப் பாத்திரத்தின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார், சுத்தமாக இருந்தது. “உங்கம்மா உங்கள நல்லா வளத்திருக்காங்க.”

“ஆமாங்க” என்றான் முரளி. “நல்லாத்தான் வளத்தாங்க.”

“ஊருக்குப் போனா நான் கேட்டதாச் சொல்லுங்க” என்றார் ரங்கநாயகி அம்மாள். பிறகு, கழுவாமல் கிடந்த கரண்டியை எடுத்து அவன் பக்கம் நீட்டினார்.